வங்கி எடுத்த வீடு, வங்கி கேட்கும் விலை

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் 'பாங்க் எடுத்த வீடு' என்று பேச்சு வந்தால் இரண்டு கதைதான் ஓடும். ஒன்று, "பாங்குக்குத் தன்ர காசு வந்தால் சரி, அரை விலைக்குத் தள்ளிவிடுவான்." மற்றது, "கண்ணீர் விழுந்த வளவு, எங்களுக்கு வேண்டாம்." இரண்டாவது அவரவர் மனம் சார்ந்தது, அதில் நான் தலையிடப் போவதில்லை. முதலாவதை நம்பிக் கடன் படிவத்தோடு போனவர்கள், ஊர் விலையைவிடக் கூடுதலாக வங்கி கேட்பதைக் கண்டு திகைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களில் ஒருவன் என் மருமகன். கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு பரப்புக் காணி, மூன்று அறை, ஓட்டுக்கூரை. வங்கி கேட்டது 2 கோடி 40 லட்சம். "மாமா, மலிவா வரும் எண்டுதானே எல்லாரும் சொன்னவை?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அடகுக் கடையிலிருந்து தொடங்குவோம்

சங்கிலியை அடகு வைத்தால் அதன் முழு விலையையும் கடனாகத் தரமாட்டார்கள், ஒரு பங்குதான் தருவார்கள். தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். வீட்டுக்கும் அதே கதைதான். வீட்டையோ காணியையோ கடனுக்குப் பிணையாக எழுதிக் கொடுப்பதை ஈடு என்கிறோம். கடன் கட்டுப்படாமல் போனால் ஈட்டை வைத்து வங்கி தன் பணத்தை எடுக்கப் பார்க்கும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடைக்குள் ஏறிக் கேட்டாலும் ஒரு பவுணின் அன்றைய விலை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்கு அப்படி ஒரு விலை கிடையாது. ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வளவுகள்கூட ஒன்று நல்ல தண்ணீர்க் கிணற்றோடு, மற்றது சவர்த் தண்ணீரோடு இருக்கும். விலை தெளிவாக இல்லாத பொருளுக்கு யார் முதலில் ஒரு எண்ணைச் சொல்கிறாரோ, பேச்சு அந்த எண்ணைச் சுற்றியே நடக்கும். இங்கே முதலில் சொல்வது வங்கி.

வங்கிக்கு அந்த வீடு எப்படிக் கைக்கு வருகிறது? சாதாரணமாகக் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டுத்தான் ஈட்டுச் சொத்தை விற்கலாம். இலங்கையில் வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் ஒரு குறுக்குவழி கொடுத்திருக்கிறது. வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் நிறைவேற்றி, வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, நீதிமன்றம் போகாமலே பகிரங்க ஏலம் விடலாம். இதைத்தான் பராட்டே என்கிறார்கள். 2022 நெருக்கடியில் வட்டி ஏறி வியாபாரங்கள் படுத்த பிறகு எழுந்த கூக்குரலால், 2024இல் அரசு இதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தது, 2025 மார்ச் கடைசி வரை நீடித்தது.

ஏலத்தில் போதிய விலைக்கு ஆள் வராவிட்டால் வங்கியே சொத்தைத் தன் பெயருக்கு எடுக்கும். அதன் பிறகு அது வங்கிச் சொத்து. கேற்றில் புதுப் பூட்டு, மதிலில் ஒரு அறிவித்தல் பலகை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஈடு வைத்த வீடு, கட்டாத கடன், ஏலம், ஏலத்தில் ஆள் இல்லை, வங்கி கையில் வீடு. இந்த வீட்டை ஒருமுறை ஊர் முழுக்கக் கூவி விற்றும் வங்கி நினைத்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

அந்த விலை எங்கிருந்து வருகிறது

லீசிங் கட்டாததால் சீஸ் பண்ணிய மோட்டார்சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி விற்கும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். டயர் தேய்ந்து, சீற் கிழிந்து நிற்கும் ஒன்றுக்குச் சில நேரம் நம்ப முடியாத விலை சொல்வார்கள். ஏன் என்று கேட்டால், "அதில இவ்வளவு பாக்கி நிக்குது" என்பார்கள். கவனியுங்கள், அவர்கள் சொல்வது வண்டியின் விலை அல்ல, பாக்கியின் விலை.

வங்கி வீட்டிலும் இதே விஷயம்தான், எண்கள் மட்டும் பெரிது. முன்னைய சொந்தக்காரர் வாங்கிய கடனில் மிச்ச முதல், அதன் வட்டி, தாமத வட்டி, பத்திரிகை விளம்பரச் செலவு, ஏலச் செலவு, காவல், ஆதனவரி எல்லாம் ஒரே கோப்பில் ஏறிக்கொண்டே போகும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அந்த வருஷக் கடைசியில், வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனின் சராசரி வட்டியே 25 சதவீதத்தைத் தாண்டி நின்றது. அந்தக் காலத்தில் கட்டாமல் நின்ற கடன் எவ்வளவு வேகமாக ஊதியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் ஊதியது, வீடு ஊதவில்லை. ஆள் இல்லாத வீட்டில் கறையான்தான் ஏறும்.

சரி, விலை கூட என்று தெரிந்தும் வங்கி ஏன் இறங்குவதில்லை? சந்தையில் மீன் விற்பவர் மத்தியானம் தாண்டினால் விலையைக் குறைப்பார். குறைக்காவிட்டால் மீன் நாறும், நட்டம் அவர் கைக்காசு. கிளை முகாமையாளருக்கு அப்படி இல்லை. வீடு விற்காமல் கிடந்தால் அது கோப்பில் ஒரு வரி. குறைத்து விற்றால் கணக்கில் நட்டம் எழுத வேண்டும், அப்புறம் "ஏன் இந்த விலைக்குக் கொடுத்தாய்?" என்று கணக்காய்வு கேட்கும். முடிவெடுக்கிற அதிகாரமும் பெரும்பாலும் அவரிடம் இல்லை, கொழும்பில் ஒரு குழுவிடம் இருக்கும். ஆகவே அவர் முரண்டு பிடிப்பதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குறைப்பதற்கு அவருக்கு ஒரு காகிதக் காரணம் தேவை. இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

ஒரு வீட்டுக்கு மூன்று எண்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் வருகிறது. நீங்கள் கடன் கேட்டுப் போனதும், வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் எழுதும் அறிக்கையில் வழக்கமாக இரண்டு எண் இருக்கும். ஒன்று சந்தைப் பெறுமதி: அவசரமில்லாத ஒருவர், அவசரமில்லாத இன்னொருவருக்கு, வீட்டை உள்ளபடி விற்றால் வரக்கூடிய விலை. மற்றது கட்டாய விற்பனைப் பெறுமதி: அவசரத்தில் விற்றால் என்ன வரும் என்ற கணிப்பு, இது எப்போதும் குறைவாக இருக்கும். வங்கி கேட்கும் விலை மூன்றாவது எண். முதல் இரண்டுக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இருக்கத் தேவையில்லை.

கடன் எந்த எண்ணில் கிடைக்கும்? வங்கி கேட்கும் விலையில் அல்ல. மதிப்பீட்டாளரின் எண்ணில் ஒரு பங்குதான் கிடைக்கும். பல இடங்களில் அதுவும் கட்டாய விற்பனைப் பெறுமதியில்தான் கணக்குப் பார்ப்பார்கள். அந்தப் பங்குக்குக் கடன் விகிதம் என்று பெயர். வங்கிக்கு வங்கி அது மாறும், இங்கே 75 சதவீதம் என்று வைப்போம்.

மருமகன் கையில் 75 லட்சம் இருந்தது. அவன் மனக்கணக்கு: 2 கோடி 40 லட்சத்தில் 75 சதவீதம் 1 கோடி 80 லட்சம் கடன், கையிலிருந்து 60, மிச்சம் 15 லட்சத்தில் உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் செலவும் திருத்த வேலையும். அழகான கணக்கு. மதிப்பீட்டு அறிக்கை வந்தபோது சந்தைப் பெறுமதி 1 கோடி 90, கட்டாய விற்பனைப் பெறுமதி 1 கோடி 60. அதில் 75 சதவீதம் 1 கோடி 20 லட்சம்.

அப்போது கையிலிருந்து போட வேண்டியது 60 அல்ல, 1 கோடி 20 லட்சம். அதோடு முத்திரைத் தீர்வை: முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். இந்த விலைக்கு அது மட்டும் 9 லட்சத்து 59 ஆயிரம். எங்கள் ஊரில் உறுதியில் எழுதும் தொகையும் கை மாறும் தொகையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வங்கி விற்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை, முழு விலையும் உறுதியில் ஏறும், தீர்வையும் முழுதாக வரும். உறுதி எழுதும் நொத்தாரிசின் கட்டணம் தனி.

சுருக்கமாக: விலை கூடினாலும் கடன் கூடப் போவதில்லை. கூடுகிற ஒவ்வொரு ரூபாயும் உங்கள் சொந்தப் பையிலிருந்துதான் போகவேண்டும்.

முன்னவரின் வட்டிக்கு நீங்கள் வட்டி

விலையில் குறையும் 1 கோடி 20 லட்சத்தையும் தீர்வையையும் கூட்டி, கையிலிருக்கும் 75 லட்சத்தைக் கழித்தால் ஏறக்குறைய 55 லட்சம் துண்டு விழுகிறது. இதற்கு மேலே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மனைவியின் நகை அடகுக்குப் போகும், தனிநபர் கடன் எடுக்கப்படும், சீட்டு முந்திக் கூறப்படும், கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு அழைப்புப் போகும். எல்லாம் கடன்தான். பெயர்தான் வேறு.

இந்த இடத்தில் மருமகனிடம் ஒரு கேள்வி கேட்டேன். சந்தைப் பெறுமதி 1 கோடி 90. கேட்கும் விலை 2 கோடி 40. நடுவில் இருக்கும் 50 லட்சத்துக்கு உனக்கு என்ன கிடைக்கிறது? ஒரு அறை கூடவா? ஒரு பரப்புக் கூடவா? ஒன்றும் இல்லை. அது யாரோ ஒருவர் கட்டாமல் விட்ட வட்டி. அவர் முகத்தை நீ பார்த்ததுகூட இல்லை. அவருடைய வட்டியைக் கட்ட நீ கடன் வாங்கி, அதற்கு நீ வட்டி கட்டப் போகிறாய்.

12 சதவீத வட்டியில் 15 வருஷத்துக்கு 50 லட்சம் எடுத்தால் மாதம் ஏறக்குறைய 60 ஆயிரம். முடிவில் கட்டியிருப்பது 1 கோடி 8 லட்சம். கைக்காசு நிறைய வைத்திருக்கும் ஒருவர், பிடித்துப்போன வீட்டுக்குக் கூடக் கொடுத்தால் அது அவர் ஆசை, நட்டம் ஒருமுறையோடு போகும். கடனில் வாங்குபவருக்கு அந்த நட்டம் மாதாமாதம் கதவைத் தட்டும். கனடாவிலிருந்து கைக்காசோடு வந்து வாங்குபவர் கொடுத்த விலையை அளவாக வைத்து நாங்கள் கடனுக்கு வாங்கப் போகக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சில நேரம் விற்கும் வங்கியே, "யோசிக்காதீங்கோ, கூடுதல் விகிதத்தில நாங்களே கடன் தாறம்" என்று சொல்லும். கேட்க இனிப்பாக இருக்கும். 1 கோடி 90 பெறும் வீட்டுக்கு 2 கோடி கடன் இருந்தால், நாளை வேலை போய் விற்க நேர்ந்தால், வீட்டைக் கொடுத்த பிறகும் கடன் மிச்சம் இருக்கும். முன்னைய சொந்தக்காரர் நின்ற அதே இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

ஏலத்திலா, ஏலத்துக்குப் பிறகா

ஏலத்தில் விலை குறைய வாய்ப்புண்டு, மறுக்கவில்லை. ஆனால் வழக்கமான நிபந்தனைகளைப் பாருங்கள். சுத்தியல் விழுந்ததும் விலையில் 10 சதவீதம், உள்ளூராட்சி சபைக்கு 1 சதவீதம், ஏலம் விடுபவருக்கு 2.5 சதவீதம் அங்கேயே வைக்க வேண்டும், விளம்பரச் செலவும் சேரும். மிச்ச 90 சதவீதமும் பெரும்பாலும் 30 நாளுக்குள். 2 கோடிக்கு எடுத்தால் அன்றே 27 லட்சம். உங்கள் கடன் கோப்பு மதிப்பீடு, உறுதி ஆய்வு, அனுமதி என்று நகர்வதற்குள் 30 நாள் முடிந்துவிடும். பணம் வராவிட்டால் வைத்த 10 சதவீதத்தை வங்கி எடுத்துக்கொண்டு மறுபடி விற்கலாம்.

கடனில் வாங்குபவருக்கு ஏலம் ஒத்துவராது என்பது என் கருத்து. வங்கி எடுத்த பிறகு பேசி வாங்குவதில் விலை கூடுதலான எண்ணிலிருந்து தொடங்கும், ஆனால் நேரம் உங்கள் பக்கம் இருக்கும்.

பேசுவது எப்படி

முகாமையாளருக்குக் காகிதக் காரணம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. அந்தக் காகிதத்தை அவர் வங்கியிடமிருந்தே எடுக்கலாம். விற்கும் வங்கியிடமே வீட்டுக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அப்போது அவர்களே ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளர்தான் வந்து வீட்டை அளப்பார். விற்கும் மேசை 2 கோடி 40 என்கிறது, கடன் மேசை அதே வீட்டுக்கு 1 கோடி 90 என்கிறது. இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் மேசைகள். இந்த முரணை மரியாதையாக, எழுத்தில், அவர்கள் முன்னால் வையுங்கள். மதிப்பீட்டுக் கட்டணத்தை நீங்கள்தான் கட்டுகிறீர்கள், ஆகவே ஒரு பிரதி கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்து உங்கள் மேல்வரம்பு. இதில் இரண்டு உண்டு. ஒன்று வீட்டின் பெறுமதி, இங்கே 1 கோடி 90. மற்றது உங்கள் கை தாங்கும் அளவு. மருமகனின் 75 லட்சத்தில் திருத்த வேலைக்கு 12, தீர்வைக்கு 7, நொத்தாரிசு முதலான செலவுக்கு 4 ஒதுக்கினால் மிச்சம் 52. கடனோடு சேர்த்தால் 1 கோடி 72. இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. இந்த எண்ணை வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லி வையுங்கள். தரகருக்குச் சொல்ல வேண்டாம்.

பங்குனி வெயிலில் வீடு பார்க்கப் போனோம். வங்கியிலிருந்து வந்த பையனிடம் ஐந்து திறப்பு, ஒன்றும் கேற்றுக்குச் சேரவில்லை, ஒழுங்கைக்குள் கால் மணி நேரம் நின்றோம். உள்ளே விறாந்தையில் பழைய கலண்டர் ஒன்று இரண்டு வருஷத்துக்கு முந்திய மாதத்திலேயே நின்றது. நான் தலையை நிமிர்த்தி ஓட்டைப் பார்த்தேன். நடு அறைக்கு மேலே வளை ஒன்றில் கறையான் புற்று விரல் தடிப்பில் ஓடியது, அதன் கீழே நிலத்தில் மழை ஒழுகிய வட்டம். மருமகள் கிணற்றில் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்து, "தண்ணி நல்லம் மாமா" என்றாள். எல்லாவற்றையும் படமெடுத்தோம். ஒரு மேசனைக் கூட்டிவந்து கூரைக்கு எழுத்தில் விலை வாங்கினோம். மதிப்பீட்டு அறிக்கை, கூரைச் செலவு, படங்கள், பணம் எப்படி வரும் என்ற விபரம், எத்தனை நாளில் முடிப்போம் என்ற வாக்கு எல்லாம் சேர்த்து இரண்டு பக்கக் கடிதம். விலை 1 கோடி 65 லட்சம்.

கடிதம் முக்கியம். வாயால் சொன்ன விலை கிளையின் வாசலைத் தாண்டாது. கடிதம் கொழும்புக்குப் போகும், கோப்பில் இருக்கும்.

விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வங்கி விற்கிறது என்பதால் உறுதி சுத்தம் என்று நினைக்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் தோம்பு (காணி கை மாறிய பதிவு) எடுத்து, குறைந்தது 30 வருஷத்துக் கைமாற்றத்தை உங்கள் நொத்தாரிசு பார்க்கட்டும், வங்கியின் நொத்தாரிசு அல்ல. எங்கள் பக்கத்தில் இன்னும் சில சிக்கல் உண்டு: பிரிபடாத பங்கு, பங்குக் கிணறு, வழிவாய்க்கால் உரிமை. சீதனமாக வந்த வீட்டைக் கணவரின் வியாபாரக் கடனுக்கு ஈடு வைத்திருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி யார் யார் கையெழுத்து வேண்டியிருந்தது, அவர்கள் வைத்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஏலத்தை எதிர்த்து வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வீட்டுக்குள் ஆள் இருந்தால் அது வேறு கதை. வாங்கியவர் மாவட்ட நீதிமன்றத்தில் உடைமைக் கட்டளை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அதற்கு நாள் எடுக்கும், அந்த நாளெல்லாம் உங்கள் தவணை ஓடும். இன்னொன்று: வங்கி தன் பெயருக்கு எடுத்த சொத்தை மறுபடி விற்கும் வரை, பழைய கடன்காரர் பாக்கியைக் கட்டினால் வங்கி அந்த விற்பனையை ரத்துச் செய்யலாம். ஆகவே உறுதி முடியும் முன் கூரைக்கு ஓடு இறக்க வேண்டாம்.

கடிதத்துக்கு என்ன ஆனது

மூன்று கிழமையில் பதில் வந்தது: 2 கோடி 25 லட்சத்துக்குக் குறையாது. மருமகள் முகம் வாடிவிட்டது, அவளுக்கு அந்தக் கிணறு பிடித்துப் போயிருந்தது. மருமகன் கடிதத்துக்கு நன்றி சொல்லி, தன் விலை அப்படியே நிற்கிறது என்று நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு, மானிப்பாய்ப் பக்கம் வேறு வீடு பார்க்கத் தொடங்கினான்.

வங்கிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடியும். விற்காத சொத்துக்களைப் பற்றித் தலைமையகம் கிளைகளைக் கேட்கிற காலம் அது. டிசம்பர் இரண்டாம் கிழமை கிளையிலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, அந்தக் கொக்குவில் வீடு... நீங்கள் எழுதின விலையில இன்னும் நிக்கிறீங்களோ? கொஞ்சம் கூட்டினால் மேலே கதைக்கலாம்."

வெளியே மாரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் உடனே ஓம் சொல்லவில்லை. அந்த வளை இந்த மழையைத் தாங்கி நிற்கிறதா என்று ஒருக்காப் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும், இந்த முறை சரியான திறப்பைக் கொடுத்துவிடும்படியும் சொன்னான்.